நோட்டீஸ் போர்டில் சிவப்பு மை

“டீச்சர், கைப்பையைத் திறங்க!”

குடியிருப்போர் சங்கத் தலைவர் போட்ட சத்தத்தில் நாலாம் மாடிக் கைக்குழந்தை தொட்டிலிலேயே எழுந்து நின்றுவிட்டதாகக் கேள்வி. ஓய்வுபெற்ற இங்கிலீஷ் டீச்சர் பையைத் திறந்தார். மூக்குக்கண்ணாடி, இருமல் மிட்டாய், நடுவில் ஜம்மென்று ஒரு சிவப்புப் பேனா.

லிஃப்ட் வாசலில் முண்டியடித்த கூட்டம் “ஓஹோ!” என்றது.

நோட்டீஸ் போர்டில் தலைவர் கைப்பட எழுதிய கேள்வி தொங்கியது: ‘ஒய் யூ ஆர் த்ரோயிங் கார்பேஜ் இன் ஸ்டேர்கேஸ்?’ அதில் ‘யூ’வையும் ‘ஆர்’ஐயும் யாரோ சிவப்பு மையில் இடம் மாற்றி, பத்துக்கு இரண்டு மார்க்கும் போட்டிருந்தார்கள். நேற்றைய ‘ஹூ டிட் லெஃப்ட் த டேப் ஓப்பன்?’ ஒன்றரை மார்க் வாங்கியது. முந்தாநாள் ‘வென் யூ வில் ரிமூவ் யுவர் ஷூஸ்?’ முட்டை வாங்கியதோடு, ‘பெற்றோரை அழைத்து வரவும்’ என்ற குறிப்பையும் சேர்த்து வாங்கியது.

“சத்தியமா நான் இல்லங்க. குறுக்கெழுத்துப் போடறதுக்காக வச்சிருக்கேன்.”

“இந்தக் கட்டடத்துல வேற யாருக்கு இவ்வளவு இலக்கணம் தெரியும்? ஞாயித்துக்கிழமை கூட்டத்துல எல்லார் முன்னாடியும் மன்னிப்புக் கேக்கறீங்க!”

“அந்தக் காகிதத்தைக் கிழிச்சுப் போட்டுடலாமே, அண்ணே?” என்றாள் முதல் மாடித் தையற்காரி.

“யாரும் தொடக்கூடாது! என் மானம் போனது போனதுதான். எல்லாரும் நல்லாப் பாத்துட்டுப் போங்க!”

எல்லாரும் நல்லாவே பார்த்தார்கள். வாய்விட்டுப் படித்தார்கள், வயிறு வலிக்கச் சிரித்தார்கள். போகிற போக்கில் அவரவர் படியில் கிடந்த செருப்பை அவரவரே எடுத்துக்கொண்டு வீட்டுக்குள் போனார்கள்.

டீச்சருக்குச் சோறு இறங்கவில்லை. முப்பத்தைந்து வருஷம் பிள்ளைகளை எழுந்து நிற்க வைத்தவர், ஞாயிற்றுக்கிழமை தானே எழுந்து நிற்பதா?

“நீங்களாவது என்னை நம்பறீங்களா?”

கணவர் செய்தித்தாளை இறக்கவில்லை. “கல்யாணத்துக்கு முன்னாடி நான் எழுதின லெட்டரையே திருத்தி, கீழே கையெழுத்தும் போட்டு அனுப்பினவ நீ. நான் எதைன்னு நம்பறது?”

அவ்வளவுதான். மறுநாள் விடிந்தும் விடியாததுமாக, மாடிப்படிக்குக் கீழே உடைந்த சைக்கிளுக்கும் பெயின்ட் டப்பாக்களுக்கும் நடுவே டீச்சர் பதுங்கினார். முழங்கால் போட்ட சத்தத்துக்கு அடுத்த தெரு நாய் குரைத்தது. பல்லைக் கடித்துக்கொண்டார்.

லிஃப்ட் திறந்தது. வந்தவர் தலைவர். கையில் பசை டப்பா, இன்னொரு கையில் புது நோட்டீஸ்: ‘ஒய் நோபடி இஸ் க்ளோசிங் த கேட்?’ ஒட்டினார், ஓரத்தைத் தடவிச் சரிசெய்தார். பாவம், இதற்கு எத்தனை மார்க் விழப்போகிறதோ என்று டீச்சரே ஒரு கணம் பரிதாபப்பட்டார்.

தலைவர் இடப்பக்கம் பார்த்தார், வலப்பக்கம் பார்த்தார். சட்டைப்பையிலிருந்து ஒரு சிவப்புப் பேனாவை எடுத்தார். ‘நோபடி’யைச் சுற்றி வட்டம் போட்டு, ‘இஸ்’ஸை அதற்கு முன்னால் இழுத்துவிட்டு, பத்துக்கு முக்கால் என்று எழுதினார்.

“தலைவரே!” டீச்சர் பாய்ந்த வேகத்தில் பெயின்ட் டப்பாக்கள் உருண்டு வாசல்வரை போயின. “நீங்களா?”

“ஐயோ, மெதுவா டீச்சர்! உங்க கால்ல வேணா விழறேன்.”

“இவ்வளவு சரியாத் திருத்தத் தெரியுது. அப்புறம் எதுக்குய்யா தப்புத் தப்பா எழுதிட்டு, என்னை மாட்டிவிட்டீங்க?”

தலைவர் பேனாவை மூடினார். கண் கலங்கியிருந்தது.

“மூணு வருஷமாத் தப்பே இல்லாமத்தான் எழுதி ஒட்டினேன் டீச்சர், ஒரு பய படிக்கல!”