அடுத்த வீட்டுக் கன்றுகள்

"பாத்தியா அந்த ஆளோட லட்சணத்த! கூரை மேல காயப்போட்ட தயிர்க்கட்டி கிடந்து கரையுது. அதையே எறக்கத் துப்பில்ல, நம்ம கன்னுங்களையா பாத்திருக்கப் போறான்?"

ஓடைக்கு அந்தப் பக்கம், அடுத்த வீட்டுத் தாம்தினின் கம்பளிக் கூடாரத்தை நோக்கிக் கை நீட்டிக் கத்தினாள் சோல்மோன். பக்கத்தில் நாத்தனார் நொமின், கறவை வாளியைத் தலையில் கவிழ்த்தபடி நடுங்கிக்கொண்டிருந்தாள்.

கோடை வந்தால் இரண்டு வீடும் கன்றுகளை மாற்றிக்கொள்வது வழக்கம். தாய் இருக்கும் இடத்தில் கன்றும் இருந்தால் பகலெல்லாம் குடித்தே தீர்த்துவிடும். சாயங்காலம் கறக்கச் சொட்டு மிஞ்சாது. அதனால் சோல்மோனின் கன்றுகள் ஏழும் தாம்தின் பட்டியில். தாம்தினின் கன்றுகள் ஒன்பதும் இவள் பட்டியில். கறக்கும் நேரத்துக்கு அவரவர் கன்றை அவரவரிடம் ஓட்டிவிட வேண்டியது.

இன்று அதற்குள் வானம் முந்திக்கொண்டது.

ஐந்து மணி வரை சுள்ளென்று வெயில். திடீரென்று மலைக்குப் பின்னாலிருந்து கன்னங்கரேலென்று திரண்டு வந்து, குளிர்காற்று ஒரு அறை அறைந்தது. அடுத்த நிமிஷம் ஆலங்கட்டி. பிள்ளைகள் உருட்டி விளையாடும் ஆட்டுக் கணுக்கால் எலும்பு அளவுக்கு ஒவ்வொன்றும்.

புருஷன் பாலோடு காலையில் பட்டணம் போனவன், இன்னும் திரும்பவில்லை. இருந்தது பெண்கள் இருவர்தான்.

"நொமின், கூரை மேல தயிர்க்கட்டி! ஓடு!"

"அண்ணி, அந்தப் பக்கம்..."

"எந்தப் பக்கமும் அப்புறம்! தட்டப் புடி!"

நாலு நாள் காய்ந்த தயிர்க்கட்டியை இறக்கினார்கள். பிறகு பதினோரு மாட்டையும் அதட்டி, தள்ளி, பலகைக் கொட்டகைக்குள் அடைத்துத் தாழ்ப்பாள் போட்டார்கள். கால் மணி நேரத்தில் அடித்து ஓய்ந்துவிட்டது.

அப்போதுதான் சோல்மோன் ஓடைக்கு அப்பால் பார்த்தாள். தாம்தினின் பட்டி காலி. வேலி சாய்ந்து கிடந்தது.

"தூங்கியிருப்பான்! நல்லாக் குறட்டை விட்டுத் தூங்கியிருப்பான்! இன்னிக்கு அந்த ஆளு என்கிட்ட நல்லா வாங்கிக்கப் போறான்."

"அண்ணி, ஒரு நிமிஷம் நில்லுங்க!"

யார் நிற்பது? ஓடையில் பூட்ஸ் நனைய நனைய இறங்கி நடந்தாள்.

ஒரு வீட்டுக்குப் போனால் வெளியே நின்று, "நாயைப் பிடிங்க" என்று குரல் கொடுப்பதுதான் மரியாதை. இன்று மரியாதை ஒன்றுதான் குறைச்சல்!

"எங்கேண்ணே என் கன்னுங்க?"

கம்பளிக் கூடாரத்துக்கு வெளியே, ஒரு பசுவின் முதுகைத் துணியால் துடைத்துக்கொண்டிருந்தார் தாம்தின். ஆலங்கட்டி பட்டு நெற்றி புடைத்திருந்தது.

"வா தங்கச்சி. உள்ள போ, டீ குடி."

"டீயும் வேணாம், ஒரு மண்ணும் வேணாம்! பட்டி காலியாக் கிடக்கு. ஏழு உசுருண்ணே! உங்கள நம்பித்தானே விட்டேன்? உங்க சொத்தா இருந்தா இப்படி அம்போன்னு விட்டிருப்பீங்களா?"

தாம்தின் தன் மாடுகளைப் பார்த்தார். எல்லாம் வெட்டவெளியில் நின்றன. முதுகெல்லாம் ரத்தக்கோடு. ஒரு பசு படுத்தது எழவில்லை.

"என்னண்ணே, வாயில கொழுக்கட்டையா? பதில் சொல்லுங்க!"

கூடாரக் கதவு திறந்தது. அவர் மனைவி கந்த்மா எட்டிப் பார்த்தாள்.

"ஏம்மா, மெதுவாப் பேசக் கூடாதா? இப்பத்தான் ஒண்ணு கண்ணசந்துது."

சோல்மோன் உள்ளே பார்த்தாள்.

அடுப்பைச் சுற்றி அவளுடைய கன்றுகள். ஒன்று, இரண்டு... ஏழும். கட்டில் மேல் ஒன்று. திருநாளுக்கு மட்டுமே கந்த்மா உடுத்தும் பட்டு அங்கியைப் போர்த்திக்கொண்டு ஒன்று. கம்பளம் முழுக்கச் சாணி.

தாம்தின் பக்கம் திரும்பி, "உங்க மாடு... உங்க மாட்டையெல்லாம் மொதல்ல ஒதுக்கியிருக்கலாமேண்ணே" என்றாள்.

"அதுக எங்களோடதும்மா. என்ன ஆனாலும் எங்க பாடு. இதுக நீ நம்பி விட்டதாச்சே" என்றார் தாம்தின். அதில் பேச என்ன இருக்கிறது என்பதுபோலத் துணியைப் பிழியப் போய்விட்டார்.

கந்த்மா உப்புப் போட்ட டீயை அவள் கையில் திணித்தாள். குரலில் உண்மையாகவே இரக்கம்.

"இந்த ஏழுக்கே வீடு இந்த நாத்தம் நாறுது. எங்களோடது ஒம்போதாச்சே! பாவம், ஆம்பள இல்லாம ரெண்டு பொண்ணுங்களும் அத்தனையையும் எப்படித்தான் உங்க வீட்டுக்குள்ள அடைச்சீங்களோ! கம்பளமெல்லாம் போச்சா?"

ஆலங்கட்டி விழத் தொடங்கியதிலிருந்து, கூரையே இல்லாத தன் பட்டியை ஒரு தடவைகூடத் திரும்பிப் பார்க்கவில்லை என்பது அப்போதுதான் சோல்மோனுக்கு உறைத்தது.