பெறுநர்

கல்யாணமான புதிதில் ஒருநாள் கணவர், "என் பேரை ஒரு தடவை சொல்லேன்" என்றார்.

"ஐயோ, நாக்கு எழாதுங்க."

"சரி விடு. நானும் உன் பேரைச் சொல்லல. சமமாப் போச்சு."

இருவரும் சிரித்தார்கள். 'நீங்களாவது சொல்லுங்களேன்' என்று கேட்க வந்த செண்பகவல்லி, அந்தச் சிரிப்பில் கேட்காமலே விட்டுவிட்டாள். இருபத்திரண்டு வருடமாக அவருக்கு அவள் 'இந்தா'தான். அவளுடைய அப்பா போன பிறகு 'செண்பகவல்லி' என்று முழுதாகச் சொல்லிக் கூப்பிட ஒருவரும் இல்லை.

இன்று இருவரும் வேலை பார்க்கும் அலுவலகத்தில் புதிய மின்னஞ்சலுக்குப் பயிற்சி. சொல்லித்தருபவள் அவள்தான்.

"எல்லாரும் எனக்கு ஒரு மெயில் அனுப்புங்க. பெறுநர் கட்டத்துல என் பேர்ல முதல் ரெண்டு எழுத்தைத் தட்டினாப் போதும். மீதியை அதுவே போட்டுக்கும்."

மூன்றாவது வரிசையில் கணவரின் விரல் அந்தரத்தில் நின்றது.

"என்ன சார், 'இந்தா'ன்னு அடிச்சா வரலையா?" பக்கத்து நாற்காலியிலிருந்து ரெஜினா கேட்டாள். அறையே சிரித்தது. அவரும் கூச்சத்தோடு சிரித்துவிட்டு, ஒற்றை விரலால் இரண்டு எழுத்தைத் தட்டினார். முழுப்பெயரும் திரையில் வந்து நின்றது. அவர் அதையே பார்த்துக்கொண்டிருந்தார். உதடு மட்டும் அசைந்தது.

செண்பகவல்லி அவர் நாற்காலிக்குப் பின்னால் வந்து நின்றாள்.

"அனுப்பட்டுமா?"

"இருங்க" என்றாள் மெதுவாக. "முதல்ல அதை ஒரு தடவை வாய்விட்டுச் சொல்லுங்களேன். எனக்குக் கேக்கணும்."