பெயர் இல்லாத ஜெபக்குறிப்பு

சபை மூப்பரின் மீசையில் சாயத்தைத் தீற்றிக்கொண்டிருந்தபோதே அவளுக்கு நாக்கு அரித்தது.

சும்மா அரிப்பல்ல. நரையை மறைக்கிறவன் ஆண்டவரையே ஏமாற்றப் பார்க்கிறான் என்று போன ஞாயிறு முழங்கியது இதே மீசைதான். சொல்லும்போது அவர் பார்வை வேறு சலூன்காரியான அவள் மேலேயே நின்றது.

மாதம் ஒருமுறை, கடை திறக்கும் முன், காலை நடை என்று வீட்டில் சொல்லிவிட்டுப் பின்வாசல் வழியாக வருவார். வெளியே தெரிந்தால் மனுஷன் மேடை ஏற முடியாது. தெரிந்தும் சொல்லாமல் இருப்பது அவளுக்கு வாயில் வெந்நீரை அடக்கி வைத்திருப்பது போல.

ஆனால் இருபத்தோரு நாளாக அவள் யாரைப் பற்றியும் வம்பு பேசவில்லை. ஜெபத்தோழியிடம் கொடுத்த வாக்கு. சோதனை வந்தால் அந்த நிமிடமே போன் செய்துவிட வேண்டும் என்பது ஒப்பந்தம்.

கையுறை முழுக்கக் கறுப்பு. மூக்கு நுனியால் போனில் தோழியின் எண்ணைத் தொட்டு, ஸ்பீக்கரில் போட்டாள்.

"வந்துடுச்சுடி சோதனை. ஒரு பெரிய மனுசரைப் பத்தி. சொல்லாட்டி தலை வெடிச்சிடும்."

மூப்பர் நாற்காலியில் விறைத்தார்.

"யாருக்கா அது? பேரை மட்டும் சொல்லுங்க. பேர் தெரிஞ்சாத்தானே குறிப்பா ஜெபிக்க முடியும்?"

கழுத்தில் கட்டியிருந்த துணிக்குள் இரண்டு கைகள் கூம்பிக் கூடாரம் போல் எழுந்தன. கண்ணாடியில் அவர் கண்கள் கெஞ்சின.

பெயர் அவள் நாக்கு நுனியில் வந்து சப்பணமிட்டு உட்கார்ந்தது. ஒரே ஒரு சொல். அத்தோடு மனுஷன் பெட்டிப் பாம்பு.

உண்மையைச் சொல்லும் ஆசையல்ல இது, அந்த முகம் சுருங்குவதைப் பார்க்கும் ஆசை. அது பிடிபட்டதும் அவளுக்கே கூச்சமாகிவிட்டது.

"முடியாதுடி. பேர் இல்லாமலே ஜெபி."

மறுமுனையில் ஜெபம் முணுமுணுப்பாக ஓடியது. மூப்பர் அடக்கி வைத்திருந்த மூச்சை மெல்ல விட்டார்.

"ஆமென். சரிக்கா, இந்தத் தடவை மீசைக்குக் கொஞ்சம் கம்மியாப் போட்டு அனுப்புங்க. தலையணை உறை துவைக்கிறவ நான்தானே."