சேஷனின் சந்தேகங்கள்

"சார், ஒரு டவுட்."

சேஷன் எழுந்ததுமே வகுப்பு சிரிக்கத் தயாராகிவிட்டது.

"எண்ணிக்கையை ஒண்ணுலேர்ந்து ஆரம்பிக்காம ஏன் சார் பூஜ்யத்துலேர்ந்து ஆரம்பிக்கறோம்?"

புரோகிராமிங் நடத்திக்கொண்டிருந்த சார் சாக்பீஸை மேஜையில் வைத்தார்.

"எடோ, இதுபோலும் அறிஞ்ஞூடே தனிக்கு?"

இதுகூடத் தெரியாதா என்று மலையாளத்தில் அலுத்துத் தலையில் அடித்துக்கொண்டாலும், மனுஷர் முதலிலிருந்து மறுபடி விளக்கினார்.

எல்லோரும் சிரித்துக்கொண்டிருக்க, செண்பகவல்லி மட்டும் அவசர அவசரமாக எழுதிக்கொண்டாள். அவளுக்கும் அது தெரியாது. கேட்டால் சிரிப்பார்களே என்று வாயைத் திறந்ததில்லை.

போனக்காட்டுத் தேயிலை எஸ்டேட்டிலிருந்து திருவனந்தபுரத்துக்குப் படிக்க வந்தவள். தாவரவியலில் பி.எஸ்சி. முடித்துவிட்டு, புதிதாக ஆரம்பித்திருந்த பயோஇன்ஃபர்மேடிக்ஸ் எம்.எஸ்சி.யில் சேர்ந்திருந்தாள். இலை, வேர் என்று எதைக் கேட்டாலும் புட்டுப் புட்டு வைப்பாள். கம்ப்யூட்டர் என்றால் மவுஸைத் தொடவே பயம்.

சேர்ந்த மாதமே அப்பாவுக்குப் போன் போட்டு, "எனக்கு இது ஒத்துவராதுப்பா. திரும்பி வந்திருதேன்" என்று அழுதாள்.

பெட்டியைக் கட்டவிடாமல் அவளைப் பிடித்து நிறுத்தியது சேஷனின் சந்தேகங்கள்தான். இவனே தைரியமாக உட்கார்ந்திருக்கும்போது நமக்கென்ன என்று ஒரு தெம்பு. அவன் கேட்கக் கேட்க, பாடமும் மெல்ல மெல்லப் புரிய ஆரம்பித்தது.

அதனாலேயே அவன்மேல் அவளுக்கு ஒரு பிரியம். தேர்வு நெருங்க நெருங்கப் பரிதாபமும் சேர்ந்துகொண்டது. நாம் எப்படியும் பாஸாகிவிடுவோம், இந்தப் பிள்ளை என்ன ஆவான்?

ஞாயிற்றுக்கிழமை நோட்டை எடுத்துக்கொண்டு ஸ்ரீவராகத்தில் அவன் வீட்டுக்கே போய்விட்டாள்.

கதவைத் திறந்த அவன் அம்மாவிடம் தயங்கித் தயங்கிச் சொன்னாள்.

"சேஷன்கூடப் படிக்கேன் மாமி. கம்ப்யூட்டர் பாடத்துல அவரு கொஞ்சம் பின்னாடி இருக்காரு. தப்பா நினைக்காதீங்க, நான் சொல்லிக் குடுக்கலாம்னு வந்தேன்."

மாமி அவளை ஏற இறங்கப் பார்த்தாள்.

"எங்காத்து சேஷனுக்கா? ஸ்கூல் படிக்கறச்சேலேர்ந்து அவனுக்குக் கம்ப்யூட்டரே கதி. இப்போகூட மாடியிலே எஞ்சினியரிங் பசங்களுக்குப் புரோகிராமிங் சொல்லிக் குடுத்துண்டிருக்கான்."

செண்பகவல்லி நிமிர்ந்து பார்த்தாள். மாடியிலிருந்து சேஷனின் குரல்தான் கேட்டது. தடங்கலே இல்லாமல், மடமடவென்று விளக்கிக்கொண்டிருந்தான்.

அம்மா கூப்பிட்டதும் இறங்கி வந்தவன், கடைசிப் படியிலேயே நின்றுவிட்டான். திருட்டு முழி.

"எல்லாம் தெரிஞ்சுக்கிட்டேதான் கிளாஸ்ல அப்படிக் கேட்டீங்களா?" அவளுக்குக் கோபம் வந்தது. "உங்களைப் பார்த்து எல்லாரும் சிரிக்காங்க. எனக்கு எவ்வளவு கஷ்டமா இருந்துச்சு தெரியுமா?"

"டவுட் நிஜம்தான்," என்றான் சேஷன்.

"யாருக்கு?"

அவன் அவள் முகத்தைப் பார்க்காமல், நோட்டைப் பிடித்திருந்த கையைப் பார்த்தான்.

"நீயா எழுந்து கேக்கவே மாட்டே. பக்கத்து வரிசையிலேர்ந்து பார்த்தா நன்னாத் தெரியும். உன் பேனா எப்போ நிக்கறதோ, அப்போ நான் எழுந்து நிப்பேன்."