புதுச் சங்கிலிப் பூட்டு

விழுப்புரத்தில் வேலை முடிந்து வந்த கணவர் வல்லரசு, சைக்கிளுக்கென்று ஒரு சங்கிலிப் பூட்டு வாங்கி வந்ததைப் பார்த்ததுமே வெண்ணிலாவுக்கு விஷயம் புரிந்துவிட்டது.

கண்டுபிடித்துவிட்டார். சாவி இனிமேல் அவர் பாக்கெட்டுக்குப் போய்விடும்.

அந்தக் கியர் சைக்கிள், சர்க்கரை ஏறிவிட்டது என்று டாக்டர் பயமுறுத்தியதால் அவர் வாங்கியது. ஓட்டியது என்னவோ ஒரு மாதம்தான். அப்புறம் ஞாயிற்றுக்கிழமை தவறாமல் ஸ்பேனரும் எண்ணெயுமாக வாசலில் உட்கார்ந்துவிடுவார். பிரேக்கை முறுக்குவார், கியர் ஒயரைத் தளர்த்துவார், பெடலைச் சுற்றிவிட்டுக் காதை வைத்துக் கேட்பார். வைத்தியர் நாடி பார்ப்பது தோற்றது போங்கள்!

வண்டி வந்த புதிதில் வெண்ணிலா ஆசையாக ஒரு ரவுண்டு கேட்டாள். "உனக்கெதுக்குடி கியரு?" என்று சிரித்துவிட்டார். அந்தச் சிரிப்பு அவளுக்கு இன்னும் ஆறவில்லை.

அதனால்தான் அவர் திண்டிவனத்தில் ரயிலேறியதும், சீட்டை இறக்கிக்கொண்டு இவள் கிளம்பிவிடுவாள்.

மரக்காணம் ரோட்டில் கியர் மாற்றி மிதித்தால் வண்டி தானாக மிதக்கும். இரண்டு பக்கமும் மல்லாட்டைக் கொல்லை, பச்சைப்பசேலென்று நிலக்கடலைச் செடி. தூரத்தில் பெருமுக்கல் மலை கனவில் வருகிற மாதிரி புகையாய்த் தெரியும். மிதிக்க மிதிக்கக் கிட்டே வரும். அந்த நேரத்தில் அவள் யாருக்கும் பெண்டாட்டியில்லை, யாருக்கும் அம்மாவில்லை. காற்றோடு போகிற ஒருத்தி, அவ்வளவுதான்.

மலைமேலே கோயில். ஒரு தடவையாவது ஏறி நின்று, தான் வந்த ரோட்டை மேலிருந்து பார்த்துவிடவேண்டும் என்று அவளுக்குக் கொள்ளை ஆசை. ஆனால் பூட்டில்லாத வண்டியை அடிவாரத்தில் விட்டுவிட்டு எப்படி ஏறுவது? தொலைந்துபோனால் என்ன பதில் சொல்வது? அண்ணாந்து பார்த்துவிட்டுத் திரும்பிவிடுவாள்.

முதலில் பிரேக் லீவர் அவள் விரலுக்கு எட்டவே எட்டாது. போகப்போக எட்டியது. கை பழகிவிட்டது என்று நினைத்துக்கொண்டாள்.

எப்படி மாட்டினோம் என்பது சாம்பார் கொதிக்கும்போதுதான் உறைத்தது. அவர் எப்போதும் வண்டியைப் பெரிய கியரில்தான் நிறுத்துவார். இவள் வீட்டு மேடு ஏறச் சின்னக் கியரைப் போட்டு, அப்படியே நிறுத்தியிருக்கிறாள். சீட்டை அளவு பிசகாமல் ஏற்றிவைத்த மகராசிக்கு இது தோன்றவில்லை பாருங்கள்.

ஞாயிறு காலை வழக்கம்போல் அவர் வாசலில். பேப்பர் வாங்க வந்த பக்கத்து வீட்டுத் தேவநாதன், வண்டியில் ஏறி பிரேக்கைப் பிடித்துப் பார்த்துவிட்டுக் கையை உதறினார்.

"இன்னாங்க, லீவரு ஹேண்டில்பாரோட ஒட்டிக்கினு இருக்குது? எனக்கே வெரலு நசுங்குது. உங்க கைக்கு எப்படிங்க?"

ஜன்னலுக்குப் பின்னால் நின்று வெண்ணிலா கேட்டுக்கொண்டிருந்தாள்.

"மெதுவா பேசுங்க" என்றார் வல்லரசு. "நான் எங்க ஓட்றேன்? ஓட்றவளுக்கு வெரலு சின்னது. வாராவாரம் கொஞ்சங்கொஞ்சமா உள்ள கொண்டாந்தேன்."

"நேராவே ஓட்டுன்னு சொல்ல வேண்டியதுதான?"

"அவ கேட்டப்போ சிரிச்சுட்டேங்க. இப்ப எந்த மூஞ்சிய வெச்சிக்கினு சொல்றது?"

தேவநாதன் பூட்டைத் தூக்கிக் காட்டி, அப்படியென்றால் இது எதற்கு என்று கேட்டார்.

வல்லரசு சங்கிலியைச் சீட்டுக்கடியில் சுற்றினார். சாவியை அதிலேயே விட்டுவைத்தார்.

"மலையடிவாரம் வரைக்கும் போயி, அண்ணாந்து பாத்துட்டுத் திரும்பிடறாளாம். பஸ் கண்டக்டரு சொன்னாரு. வண்டியப் பூட்டிட்டு மேல ஏறிப் பாக்கட்டுமே."