வறுத்த காடு

முதல் கல்ல ஊனும்போதே நாலஞ்சு கேப்பைக் கதிரு சாஞ்சிருச்சு.

"சார், பால் பிடிச்சு நிக்கிது, பாத்து"ன்னேன்.

சர்வேயர் நிமிந்துகூட பாக்கல.

சிலமலைக்கு மேக்க, மலையடியில எங்களுக்குன்னு இருக்கிறது இந்த ரெண்டு ஏக்கர்தான். தரிசு நெலம்னு சொல்லி சோலார் கம்பெனிக்குக் குடுக்கப் போறாங்களாம். என் வீட்டுக்காரி கற்பகம் அன்னிக்கு ஏலக்காட்டுக் கூலிக்குப் போற ஜீப்புல ஏறாம என்கூட வந்து நின்னா. இதுவும் போச்சுன்னா ரெண்டு பேருக்கும் தெனமும் போடிமெட்டு ஜீப்புதான்.

"நாலு தலைமொறையா வெள்ளாமை பாக்குறோம் சார். இது எப்பிடித் தரிசாகும்?"

"வெள்ளக்காரன் காலத்து ரெக்கார்டுய்யா. மூணு வருசம் அவுரி வெதச்சும் மொளைக்கல, எதுக்கும் ஆகாத மண்ணுன்னு எழுதியிருக்கு. பேரே வறண்ட காடுன்னுதான போட்டிருக்கு."

கற்பகம் வெடுக்குன்னு சொன்னா. "வறண்ட காடு இல்ல சார். வறுத்த காடு."

அவரு சிரிச்சிட்டாரு. "காட்டப் போயி எவன்மா வறுப்பான்?"

காட்ட வறுக்கல. வெதைய வறுத்தோம்.

கேப்பை போடக்கூடாது, சாயத்துக்கு அவுரிதான் போடணும்னு தொரை மெரட்டி வெதை குடுத்திருக்கான். ஊரே கூடிப் பேசி, வீட்டுக்கு வீடு சட்டியில போட்டு வறுத்துக் கொண்டுபோயி வெதச்சாங்க. மூணு வருசம். புளியமரத்துல கட்டி வச்சு அடிச்சப்பயும் எங்க பூட்டன் "மண்ணு ஆகாது தொரை"ன்னு ஒரே சொல்லா நின்னாராம்.

கடைசியில தொரை நம்பிட்டான்.

நம்பித்தான் எழுதி வச்சிருக்கான்.

கற்பகம் என் முதுகுல குத்துனா. "சொல்லுங்களேன். வாயில என்ன கொழுக்கட்டையா?"

சொன்னேன். ஒண்ணு விடாம சொன்னேன்.

சர்வேயர் டேப்பச் சுருட்டிக்கிட்டே கேட்டாரு. "அப்ப, சர்க்கார ஏமாத்துனோம்னு எழுதித் தர்றியா?"

"தர்றேன் சார். பேனா குடுங்க."

கைய நீட்டுனேன்.

"அட, வெளையாட்டுக்குக் கேட்டேன்யா"ன்னுட்டு, அடுத்த கல்லுக்கு எடம் பாக்கப் போயிட்டாரு.

தோலு உரிஞ்சும் பூட்டன் வாயத் தொறக்காத விசயம். நான் அடி வாங்காமலே சொல்லிட்டேன்.

நீட்டுன கைய எப்ப மடக்குனேன்னு தெரியல.