ஆறரை மணி இருட்டு

"அவங்க வீட்டுப் பூச்சியை எங்க வீட்டுக்கு ஓட்ட வேணாம்னு சொல்லிடு சகாதேவா."

முன்னி பேகம் இதைச் சொன்னபோது அந்த 'அவங்க' எட்டடி தள்ளித்தான் நின்றிருந்தாள். எதிர்வீட்டு ராஜம்மாள்.

"என் வீட்டு வெளக்கு, என் இஷ்டம்னு நீயும் சொல்லிடு தம்பி" என்றாள் அவள்.

நடுவில் சைக்கிளைப் பிடித்துக்கொண்டு நின்ற லைன்மேன் சகாதேவன், இருவருக்கும் தகவல் சேர்ந்துவிட்டது என்பதுபோல இரண்டு பக்கமும் தலையாட்டினான்.

அது எழுபத்தெட்டாம் வருஷம். வேங்கிக்கால் ஏரிக்கு அப்பால் அந்தத் தெருவில் இருந்தவை இரண்டே வீடுகள். தெரு என்று பெயரை மட்டும் முன்கூட்டியே வைத்திருந்தார்கள். சுற்றிலும் நெல். கதிர் பால் பிடிக்கும் சமயத்தில் நாவாய்ப் பூச்சி கிளம்பிவிடும். பொழுது சாய்ந்ததும் எங்கே விளக்கு எரிகிறதோ அங்கே வந்து விழும். நசுக்கினால் நாறும். நசுக்காமல் மரியாதையாக வெளியே எடுத்துப் போட்டாலும் நாறும்.

ஒரு வீட்டில் விளக்கை அணைத்தால் இரண்டு வீட்டுப் பூச்சியும் எதிர்வீட்டுக்குக் குடிபோகும். முன்னி பேகத்தின் நாத்தனார் விருந்துக்கு வந்திருந்த அன்று பார்த்து ராஜம்மாள் விளக்கை அணைத்துவிட்டாள். தலைவலியாம். பிரியாணியில் கிடந்ததை லவங்கம் என்று நினைத்து நாத்தனார் கடித்துவிட்டாள். ஏழு வருஷச் சிநேகிதம் அந்த ஒரு கடியில் முறிந்தது.

இரண்டு வீட்டிலும் ஒரே நேரத்தில் விளக்கை அணைத்தால் தீர்ந்தது. ஆனால் அதற்கு இருவரும் பேசியாக வேண்டுமே. ஆகவே சகாதேவன் ஒரு வழி சொன்னான். ஆறரைக்கு வேலை முடிந்து போகிறபோது ஏரிக்கரைக் கம்பத்தில் இரண்டு வீட்டுப் பீஸையும் பிடுங்கிவிடுவான். ஏழரைக்குள் திரும்ப வந்து போட்டுவிடுவான். போடும்போது பல்பு போய்விடாமல் இருக்க, ஆறரைக்கே அவரவர் சுவிட்சை அணைத்து வைத்துவிட வேண்டும்.

முதல் இரண்டு நாள் இருவரும் அவரவர் வாசற்படியில் உட்கார்ந்து, இருட்டில் எதிரெதிரே கோபித்துக்கொண்டிருந்தார்கள். இருட்டில் முகத்தைத் திருப்பிக்கொண்டு ஒரு பயனும் இல்லை என்பது மூன்றாம் நாள்தான் புரிந்தது. அன்று கார்த்திகை தீபம். பூச்சிக்குப் பயந்து ராஜம்மாள் அகல் விளக்கைக்கூடக் கொல்லைப்புறத்தில்தான் ஏற்றியிருந்தாள்; நிலாவை மேகம் மூடியிருந்தது.

"அம்மாம் பெரிய வெளக்கு மலை மேல எரியுது. இந்தப் பூச்சிங்க ஒண்ணாவது அங்க போகுதா பாரு" என்றது எதிர்ப்பக்கத்து இருட்டு.

முன்னி பேகத்துக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. "ஏறணுமே. அதுங்களுக்கும் முட்டி வலி இருக்காதா" என்றாள், அவளும் பொதுவாக இருட்டைப் பார்த்து.

அதற்குப் பிறகு தினமும் அந்த ஒரு மணி நேரம் போதவில்லை. கிணறு வெட்டாத காலத்தில் ஏரியிலிருந்து குடம் குடமாகத் தூக்கியது, டூரிங் கொட்டகையில் மண்ணைக் குவித்து உட்கார்ந்து படம் பார்த்தது, திரும்பும்போது மழை பிடித்து இருவரும் ஒரே சாக்கைப் போர்த்திக்கொண்டு வந்தது, முன்னி பேகத்தின் மகள் நசீமா பிறந்த அன்று மாட்டு வண்டிக்காக ராஜம்மாள் வரப்பில் விழுந்தெழுந்து ஓடியது. எல்லாம் வந்தன. ஏழரைக்குக் கீழ்பென்னாத்தூர் பஸ் ஏரிக்கரையில் ஹாரன் அடிக்கும். இருவரும் எழுந்து உள்ளே போய் சுவிட்சைப் போடுவார்கள். விளக்கு எரிந்துவிட்டால் யாரோ, எவரோ. வெளிச்சத்தில் பேசினால் யார் முதலில் பேசியது என்ற கேள்வி வந்துவிடும்.

தை பிறந்தது. வயலில் ஆட்கள் இறங்கினார்கள். ஒவ்வொரு வயலாக மொட்டையாக, மிச்சம் எத்தனை வயல் என்று முன்னி பேகம் எண்ண ஆரம்பித்தாள். பூச்சி ஒழிந்தால் இருட்டும் ஒழிந்துவிடும். அப்புறம் ராஜம்மாளோடு எப்படிப் பேசுவது? பூச்சி ஒழிய வேண்டாம் என்று வேண்டிக்கொண்ட ஒரே ஜீவன், அந்த ஜில்லாவில் அவளாகத்தான் இருக்கும்.

கடைசி வயலும் அறுத்தாகிவிட்டது. மறுநாள் காலை அவள் சகாதேவனை ஏரிக்கரையிலேயே மடக்கினாள்.

"பூச்சி இன்னும் ஜாஸ்தியாத்தான் இருக்கு தம்பி. இன்னும் ஒரு மாசம் பீஸைப் புடுங்கு."

சகாதேவன் மொட்டை வயலைப் பார்த்தான். பிறகு அவளைப் பார்த்தான்.

"நான் புடுங்கறதை நிறுத்திப் பத்து நாளாச்சேக்கா."

"நேத்துகூட ரெண்டு வீடும் இருட்டாத்தானே இருந்துச்சு?"

"நீங்க சுவிட்சைப் போட்டிருந்தா எரிஞ்சிருக்கும். நிறுத்தின அன்னிக்கே ராஜம்மாக்காகிட்ட சொல்லிட்டேன். உங்ககிட்டயும் சொல்ல வந்தேன், அவங்கதான் விடல. 'அவகிட்ட நான் சொல்லிக்கறேன், நாங்க தெனம் பேசறவங்கதானே'ன்னாங்க."